பின் இருக்கையிலிருந்து வந்த சொல்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் நடந்தது இது. பத்திரிகைக்கு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. குடும்ப விஷயத்தை நாலு பேர் படிக்க எழுதுவதில் விருப்பமும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருப்பது எனக்கு மேலும் மேலும் கடினமாகி வருவதால் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். கள்ளக்குறிச்சியில் சொந்த வீடு, ஒரே மகள். ஓய்வுபெற்ற பிறகும் ஆண்டுதோறும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்புக் கூட்டங்களுக்கு என்னைப் பேச அழைப்பார்கள். பள்ளி வேன் ஓட்டுநர்கள், லாரி ஓட்டுநர்கள், சில சமயம் கல்லூரி மாணவர்கள் என்று முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மாறுவார்களே தவிர, என் உரை மாறாது. சாலையோரப் பலகையில் இருக்கும் எண் எல்லா வண்டிக்கும் பொதுவானது அல்ல. காருக்கு எழுபது என்றால் அதே சாலையில் வேனுக்கு அறுபதுதான், இரு சக்கர வாகனத்துக்கும் சரக்கு வண்டிக்கும் அப்படியே தனித்தனி வரம்பு உண்டு என்பேன். அந்த எண்ணும் நல்ல வெளிச்சத்தில், காய்ந்த சாலையில் போகக்கூடிய உச்சம்தானே ஒழிய, அவ்வளவு வேகத்தில் போயே தீர வேண்டும் என்ற கட்டளை அன்று. பனியிலும் மழையிலும் பலகை தானாக எண்ணைக் குறைத்துக்கொள்ளாது, ஓட்டுகிறவர்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைச் சாக்கட்டியால் வரைந்தும் காட்டுவேன். கை தட்டுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வாரம்கூட அப்படியொரு பொன்னாடையோடு வீடு திரும்பியவன்தான் நான்.

மகளுக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் வடக்கனந்தல் பக்கம் நிலபுலன் உள்ளவர்கள். கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுபவர்கள். சம்பந்தி வாய் நிறையச் சிரிப்பவர். படிப்பு அதிகம் இல்லை என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பேசத் தொடங்குவார். என்னைப் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டை ஒரு முறை சரிசெய்துகொள்வார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? நானும் அவரிடம் அளந்துதான் பேசுவேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பேச்சு ஒரு சொல் கூடினாலும், அதன் விளைவு பெண்ணின் தலையில்தான் விடியும் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

அவர்களுடைய குலதெய்வக் கோயில் கரியாலூரைத் தாண்டி மலைக்குள் இருக்கிறது. புதுமணத் தம்பதியைக் கூட்டிச் சென்று பொங்கல் வைப்பது அவர்கள் வழக்கம். பெண் வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். என் மனைவிக்கு முழங்கால் வலி, மலைப்பாதை வளைவுகளும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நான் மட்டும் புறப்பட்டேன். பங்காளிகள் முந்தைய நாளே மலைக்குப் போய்விட்டார்கள். சம்பந்தி, சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, மகள், நான் என ஐந்து பேரும் சம்பந்தியின் வேனில் போவதாக ஏற்பாடு. தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றவும் குடும்பத்தோடு போய்வரவும் அவர் வைத்திருந்த பன்னிரண்டு இருக்கை வேன் அது. வாடகைக்கு ஓட்டுநர் கிடைப்பார் என்று மாப்பிள்ளை சொல்லியும் சம்பந்தி ஒப்பவில்லை.

"எங்க சம்பந்தியக் கூட்டிக்கினு போறதுக்கு வெளியாளு எதுக்குடா? நானே ஓட்றேன்" என்றார்.

முன்னிருக்கை எனக்கு. நான் உட்கார்ந்ததும் வழக்கம்போல இருக்கை வாரை இழுத்து மாட்டினேன்.

"இன்னா சம்பந்தி, எம்மேல நம்பிக்க இல்லியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"பழக்கமுங்க" என்றேன். அவர் மனம் கோணுமோ என்று ஒரு கணம் அதைக் கழற்றிவிடக்கூட நினைத்தேன். கை போனது, பிறகு நின்றுவிட்டது. பின்னிருக்கைகளில் வார்கள் இருந்தனவா என்று கேட்டால், இருந்தன. புதிதாகத் தைத்துப் போட்ட இருக்கை உறைகளுக்கு அடியில் புதைந்திருந்தன.

பானையும் கரும்பும் வாழையிலையும் சேவலும் ஏற்றி முடிக்கத் தாமதமாகிவிட்டது. இராகுகாலம் பிறப்பதற்குள் பொங்கல் பொங்க வேண்டும் என்பது சம்பந்தியம்மாளின் கவலை. வடக்கனந்தலைக் கடந்ததும் பனி அடர்ந்தது. தை மாதத்துப் பனி எங்கள் பக்கத்தில் வயலிலிருந்து எழுந்து சாலையின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். விளக்குகளைப் போட்டும் முன்னால் போகும் சைக்கிள்காரர் அருகில் வந்த பிறகுதான் தெரிந்தார்.

சம்பந்தி வேகத்தைக் குறைக்கவில்லை. வழியில் ஒரு வேகப் பலகை வந்தது. மேலே காருக்கான எழுபது தெளிவாக இருந்தது. கீழே மற்ற வண்டிகளுக்கான வரிகளின் மேல் யாரோ காதணி விழாச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள்.

"பாருங்க, எழுவது போட்டுருக்கான். நான் அறுவத்தஞ்சுலதான் போறேன். அஞ்சு கம்மி" என்று பெருமையாகச் சொன்னார்.

அது காருக்கு, நம் வண்டி வேன், நமக்கு அறுபது, அதுவும் பனி இல்லாதபோது என்று என் வாய்க்குள் முழு வாக்கியமும் தயாராக இருந்தது. போன வாரம் மேடையில் பேசிய அதே வாக்கியம்தான். நான் சொன்னது என்னவோ, "அப்படீங்களா" என்பது மட்டும். படிப்பாளி சம்பந்தி வண்டி ஏறியதும் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார் என்று ஊரில் பேச்சு வருவதை நான் விரும்பவில்லை.

சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்பக்கம் திடீரென்று முளைத்தது. அதில் சிவப்பு விளக்கு ஏதும் இல்லை. சம்பந்தி ஒடித்துத் திருப்பிக் கடந்தார். பின்னால் பானைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அப்போதுதான் என் மகள் பேசினாள்.

"மாமா, பனி ஜாஸ்தியா இருக்குது. கொஞ்சம் மெதுவாப் போலாமா?"

அவள் குரலில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை. இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. திருமணமாகி முழுதாக ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் மாமனாருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாளே, வளர்த்த லட்சணம் இதுதானா என்று சம்பந்தியம்மாள் நினைத்துவிட்டால்? நான் திரும்பிப் பார்த்தேன்.

"பெரியவங்க ஓட்டறப்ப பின்னால ஒக்காந்து யோசன சொல்லக் கூடாதும்மா. பேசாம வா."

அவள் முகம் சிறுத்துப்போனது. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். சம்பந்தி மட்டும் சிரித்தார்.

"சொல்லட்டும் வுடுங்க சம்பந்தி. புள்ள பயப்படுது. மெதுவாவே போவோம், இன்னா இப்ப?"

சொன்னதோடு நிற்கவில்லை. முடுக்கியிலிருந்து காலை எடுத்தார். முள் அறுபதுக்குக் கீழே, ஐம்பதுக்கும் கீழே இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருந்திருக்காது. பெண்ணின் பேச்சால் அவருக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய மனக்குறையைத் துடைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் சொன்னேன்:

"அவ கெடக்கறா, நீங்க போங்க சம்பந்தி. உங்களுக்குத் தெரியாத ரோடா? ராகுகாலம் வந்துடும்."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்றார் அவர். வண்டி மறுபடியும் வேகம் எடுத்தது.

அன்று காலை ஒன்றும் நடக்கவில்லை. மலையடிவாரத்தில் முப்பது என்று பலகை இருந்தது. மலைப்பாதையில் அவர் அதற்கும் குறைவாகத்தான் போனார். வளைவுக்கு வளைவு ஒலியெழுப்பி, இறங்கி வரும் பேருந்துக்கு ஒதுங்கி நின்று, கைதேர்ந்தவராக ஓட்டினார். மலையின் ஆபத்து அவர் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பொங்கல் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சம்பந்தியம்மாள் என் மகளின் நெற்றியில் குங்குமம் வைத்து, "ராசிக்காரிதான் எங்க வூட்டுப் பொண்ணு" என்றார்கள். நான் காலையில் நடந்துகொண்டது சரிதான் என்று எனக்குள் தீர்மானமாயிற்று. மகள் மட்டும் என்னருகில் வரவில்லை. இலை போட்டபோதுகூடப் பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பிட்டு இளைப்பாறி, பிற்பகலில் இறங்கினோம். வெயில் பளிச்சென்று அடித்தது. மலைப்பாதையை இரண்டாவது கியரில் நிதானமாகக் கடந்து சமவெளிக்கு வந்ததும் நேர்ச்சாலை தொடங்கியது. வெகுநேரம் ஊர்ந்து வந்தவர்களுக்கு நேர்ச்சாலையில் எந்த வேகமும் வேகமாகத் தெரியாது. இதையும் நான் மேடையில் சொல்வதுண்டு. முள் எழுபதைத் தாண்டியிருந்தது.

காலையில் பனி மூடியிருந்த அதே சாலையில், வெயில் வந்ததும் மக்காச்சோளத்தைக் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் தை, மாசியில் இது வழக்கம். களம் இல்லாதவர்களுக்குத் தார்ச்சாலைதான் களம். சாலையின் இடது பாதி முழுக்க மஞ்சளாக மணி பரந்து கிடக்கும். வண்டிகள் ஒதுங்கிப்போகட்டும் என்று ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். எல்லா வண்டியும் வலப்பக்கம் ஒதுங்கி மெதுவாகப் போகும். எதிரே வண்டி வந்தால் இரண்டில் ஒன்று நின்று வழிவிடும். எழுதாத சட்டம் அது. சோளம் பரப்பிய சாலையில் வேகக் கணக்கே வேறு.

"அடுத்த வாரம் நம்ம சோளமும் இங்கதான் காயும்" என்று சம்பந்தி கையை நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். நானும் அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். அதற்குள் எதிரே இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடியசைந்து நெருங்கிவிட்டது. நிற்பதற்குத் தூரம் இல்லை. சம்பந்தி இடப்பக்கம் ஒடித்தார், கற்களின் மேல் ஏறிச் சோளத்துக்குள் இறங்கினார், முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தார்.

காய்ந்த சோளமணி கோலிக்குண்டு மாதிரி. அதன் மேல் டயருக்குப் பிடிமானம் கிடையாது. வண்டி நிற்கவில்லை, நீரில் போவதுபோல வழுக்கிப்போனது. சுழன்று, வலப்பக்க மூக்கு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அதன்பின் சேவல் இல்லாத காலிக் கூடை ஒன்று பின்னாலிருந்து உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது.

எனக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. வார் என்னை இருக்கையோடு பிடித்து வைத்திருந்தது. சம்பந்தியின் வலது கால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் மகளின் முகத்தில் ரத்தம் வழிந்தது. அவள் கத்தவில்லை. அதுதான் என்னை அதிகம் கலங்கடித்தது. பேசாம வா என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருப்பவள்போல அப்போதும் வாய் மூடியே இருந்தாள்.

சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மாவும் அவர் கணவரும் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"கல்லு வெச்சிருக்குதே, கண்ணு தெரியலியா சாமி? ஊரு வண்டியெல்லாம் ஒதுங்கித்தானே போவுது!" என்று கத்திக்கொண்டே வந்த அந்த அம்மா, என் மகளைக் கண்டதும் பேச்சை மாற்றினார். "அய்யோ, பச்சப் புள்ள! இங்க வா கண்ணு, கீழ எறங்கு." தன் முந்தானையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து அவள் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். டிராக்டர்காரரும் மாப்பிள்ளையும் கடப்பாறை போட்டுத் தகரத்தை நெம்பினார்கள். சோளத்தை மூடும் தார்ப்பாயை விரித்துச் சம்பந்தியை அதில் கிடத்தி நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினார்கள். வலியில் முகமெல்லாம் வியர்த்திருந்த நிலையிலும் அவர், "சோளம் மூடற பாயிடா இது, கற ஆயிடப்போவுது" என்று முனகினார். நான் தார்ப்பாயின் ஒரு மூலையைக்கூடப் பிடிக்கவில்லை. சாலை நடுவே, மடிப்புக் கலையாத வேட்டியில் நின்றுகொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் மகளுக்குப் புருவத்தின் மேல் தையல் போட்டார்கள். மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் அடிபட்ட வலி இருந்ததே தவிர, எலும்புக்குச் சேதமில்லை. சம்பந்தியின் கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அறுவை செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்கள். மகளின் கட்டிலருகே உட்கார்ந்தேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "திடீர்னு வந்துடுச்சும்மா அந்த டிராக்டர்" என்றேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "திடீர்னு வரலப்பா. அது தூரத்துல வர்றப்பவே நான் பார்த்துட்டேன். சோளத்தையும் பார்த்தேன். மாமான்னு கூப்புட வாய் வரைக்கும் வந்துச்சு."

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கும் தகுதி அந்த அறையில் எனக்கு மட்டும்தான் இல்லை.

அறுவை முடிந்து சம்பந்தி எழுந்து உட்காரும் நிலைக்கு வந்ததும் உறவினர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். சோளம் காயப்போட்டவர்கள் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். சாலையில் தானியம் உலர்த்துவது குற்றம் என்று மேடைதோறும் பேசியவன் ஆகையால், நான் தலையை ஆட்டத் தொடங்கினேன். சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எவனும் அங்க போவக் கூடாது. நானுந்தான் ரோட்டுல காய வெக்கறேன். அவுங்க கல்லு வெச்சிருந்தாங்க. கல்லு மேல ஏறனவன் நானு."

அவருக்கு அடுத்திருந்த முதியவர், "உனுக்கு எதுக்குப்பா இந்த வயசுல அவ்ளோ வேகம்?" என்று கடிந்துகொண்டார்.

அப்போது சம்பந்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அந்த முதியவரிடம் சொன்னார்: "நம்ம வண்டியில ரெண்டு பிரேக்கு இருந்துச்சு மாமா. ஒண்ணு என் காலுகிட்ட. இன்னொண்ணு பின்சீட்டுல. பின்சீட்டு பிரேக்கு காலையில நல்லாத்தான் புடிச்சுது. எங்க சம்பந்திதான் அதப் புடுங்கிப் போட்டுட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். கட்டில் ஓரத்தில் நின்ற சம்பந்தியம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தம் வலியை மறக்க, பார்க்க வந்தவர்களைச் சிரிக்கவைக்கும் அவருடைய சுபாவம் அது. கூட்டம் கலைந்த பிறகு நான் கிட்டே போய், "சம்பந்தி, பலகையில இருந்தது காருக்கான கணக்குங்க. வேனுக்கு அது இல்லை. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். அதைச் சொல்ல நான் எவ்வளவு சிரமப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

"தெரியுமா? அப்ப சொல்லியிருக்கலாமே சம்பந்தி. நீங்க சொல்லி நான் என்னிக்காவது எதுனா தட்டியிருக்கனா? பொண்ணு சொன்னதுக்கே கொறச்சேன். நீங்க போங்கன்னதும், படிச்சவரே சொல்றாரு, ஒண்ணும் ஆவாதுன்னுதான் மறுபடி அமுத்தனேன்."

கோபித்துக்கொள்வார் என்று நான் அஞ்சிய மனிதர் அவர். அவருடைய மனம் என்ன அளவு என்பதை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. என் மனத்தின் அளவையே அவருக்கும் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மருந்து தேய்த்துக்கொண்டிருந்த முழங்காலிலிருந்து கையை எடுக்காமலே, "ஊருல இருக்கற டிரைவருக்கெல்லாம் சொன்னீங்க. பெத்த பொண்ணு ஒக்காந்திருந்த வண்டியில சொல்லல. சொன்னவளையும் அடக்கிட்டீங்க" என்றாள்.

சம்பந்தி இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். வரப்பில் இறங்க முடிவதில்லை. வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். அவர் அதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. சாலையில் உலர்த்திய அந்தத் தம்பதியின் சோளம் கண்ணாடித்தூள் கலந்து கோழிக்குக்கூட ஆகாமல் போனது. காலில் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே சம்பந்தி தம் வீட்டுச் சோளத்திலிருந்து மூட்டைகள் ஏற்றி அவர்களுக்கு அனுப்பிவைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த ஜனவரியில் என்னை வழக்கம்போலப் பேச அழைத்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த ஆண்டும் அதையே சொன்னேன்.

என் மகள் புகுந்த வீட்டில் நன்றாகவே இருக்கிறாள். அவளை மாமனார் கொண்டாடுகிறார். அங்கே அவள் கலகலவென்று பேசுவதையும், "மாமா, மருந்து சாப்ட்டீங்களா, இல்ல ஏமாத்தறீங்களா?" என்று அவரை அதட்டுவதையும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டிருக்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் அந்தக் குரல் தணிந்துவிடும். மரியாதையாக எழுந்து நிற்பாள். தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். ஒரு பெண் எப்படி நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அப்படியே என்னிடம் நடந்துகொள்கிறாள்.

சென்ற ஐப்பசியில் அவளை என் காரில் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துவந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏதோ யோசனையில், காய்ந்த சாலையில் போகும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். தற்செயலாக இடப்பக்கம் திரும்பினேன். அவள் கதவின் மேலுள்ள பிடியை விரல் வெளுக்கப் பற்றியிருந்தாள். புருவத்தின் மேலிருந்த தழும்பு மின்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. கண் சாலையின் மேலேயே இருந்தது. வாய் மூடியிருந்தது.

வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடியின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மழையில இவ்வளவு வேகமாப் போறேனே. மெதுவாப் போங்கப்பான்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க ஓட்டறீங்களேப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நான் கற்றுக்கொடுத்த பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தாள், அவ்வளவுதான்.

"இனிமே சொல்லும்மா" என்றேன். தலையை அசைத்தாள். மழை ஓய்ந்த பிறகு புறப்பட்டோம். வீடு வரும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எந்தச் சாலையில், எந்த வண்டி, எந்த நேரத்தில் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதை இன்றும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். ஆனால் பனிக்குள் என் பின்னால் ஒலித்த அந்த ஒரு சொல் மறுபடியும் அவள் வாயிலிருந்து எப்போது வரும் என்று தெரியாமல், அவளை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதற்காகவே காத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன்.